மூணு வேளையும் சோறுதாங்க டாக்டர்

தர்ஷன் அண்ணே, மைக்கைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாம் உயரமானவங்க. ம், போதும்.

மூன்று தடவை மழை வந்து மூன்று தடவை தள்ளிப்போன இந்த மருத்துவ முகாமை, நாலாவது தடவை நடத்தியே தீருவேன் என்று நின்று காட்டிய எங்கள் மாதர் சங்கத் தலைவி, இந்தக் கூட்டத்தின் தலைவி, நாகலெட்சுமி அக்கா அவர்களே. விடிவதற்கு முன் வண்டியேறி, வளைந்த பாதையெல்லாம் வாந்தியை அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் டாக்டர் கஜேந்திரன் அவர்களே. இருபத்தாறு வருஷமாக நம்ம காய்ச்சலுக்கும் காயத்துக்கும் கைகொடுக்கும் தோட்டத்து மருந்துக்காரர் பொன்னையா ஐயா அவர்களே. பனியில் நரைத்தாலும் பணியில் நரைக்காத பெரியோர்களே. கூடையை இறக்கி வைத்த கையோடு, முகம்கூடக் கழுவாமல் இங்கே ஓடி வந்திருக்கும் தாய்மார்களே. லைக் போடாமல் என் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் நண்பர்களே. அத்தனை பேருக்கும் எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீட்டு ஜெனுஷாவின் வணக்கம்.

எனக்குத் தந்திருப்பது நன்றியுரை. ஐந்தே நிமிடம். அவையோரே, ஐந்து நிமிடத்துக்குள் அடங்குமா என் அகத்தில் அலையடிக்கும் ஆனந்தம்? அடங்காது. அக்கா இப்பவே கையிலே மணி பார்க்கிறாங்க. பாருங்கக்கா. நான் பேசிட்டுத்தான் இறங்குவேன்.

நான் ஒன்று கேட்கிறேன். கிரிக்கெட் வீரருக்கு ரசிகர் இருக்கிறார்கள். நடிகருக்கு ரசிகர் இருக்கிறார்கள். பிறந்த நாள் முதல் ஒரு நாளும் லீவு போடாமல், நாம் தின்ற ஒவ்வொரு வாயையும் வாங்கி, பிரித்து, சத்தாக்கி, ரத்தத்தில் சேர்க்கிறதே சிறுகுடல், அதற்கு இந்த மலையில் ஒரு ரசிகர் மன்றம் உண்டா? இல்லை. ஆகவே நானே ஆரம்பித்தேன். நானே தலைவி, நானே செயலாளர், இன்றைய தேதி வரைக்கும் ஒரே உறுப்பினரும் நானே. யாரு அங்க, "குடல் ஜெனுஷா"ன்னு கத்துறது? தெரியும் எனக்கு அந்தப் பேரு. பெருமையா வச்சுக்கிறேன்.

நான் உயர்தர வகுப்பில் படித்தது கலைப்பிரிவு. விஞ்ஞானம் சொல்லித்தர அப்போது ஆள் இல்லை. எனக்கு ஆசிரியர் என் ஃபோன். வகுப்பறை, தண்ணீர்த் தொட்டி மேடு, ஏனென்றால் அங்கேதான் இரண்டு கோடு சிக்னல். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஃபோன், காலிலே அட்டை. இரத்தத்தைப் பற்றிப் படிக்கும்போதே என் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் படித்தேன். பார்த்தேன். பிரமித்தேன்.

என்ன பார்த்தேன்? நம் வயிற்றுக்குள் ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய். அதன் உள்பக்கம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன விரல்கள். பாடப்புத்தகத்தில் அதற்குச் சடைமுளை என்று பெயர். லட்சக்கணக்கில் நிற்கிறது, ஒரு மலை முழுக்கத் தேயிலை நிற்கிற மாதிரி. எல்லாவற்றையும் விரித்தால் அரை பேட்மின்டன் மைதானம். நெட்டில் முழு டென்னிஸ் மைதானம் என்று சொல்வார்கள், நம்பாதீங்க. நானும் மூணு வாரம் நம்பினேன். அந்த விரல்கள்தான் சோற்றிலிருந்து சத்தை எடுக்கிறது, கீரையிலிருந்து இரும்பை எடுக்கிறது. கொழுந்து எடுக்கிற நமக்குத் தெரியாதா விரலோட அருமை?

சரி. ஏன் ஒருத்தி குடலுக்கு ரசிகையாக வேண்டும்? காரணம் ஒரு மனிதர். என் அப்பா பத்திநாதன்.

கவ்வாத்துக்குப் பேர் போனவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி மட்டம் பண்ணும் அந்த வேலையில், மலைச்சரிவிலே அவர் கத்தி வீசினால் பின்னாடி வருகிறவர் மூச்சு வாங்குவார். அறுபத்து நாலு கிலோ உடம்பு. அந்த உடம்பு இரண்டரை வருஷத்தில் நாற்பத்து மூன்று கிலோ ஆனது. வயிறு ஊதும், பேதியாகும், திரும்ப ஊதும். வாயெல்லாம் புண். நகம் கரண்டி மாதிரி குழிந்துபோய், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அதில் நிற்கும். நான் விட்டுப் பார்த்திருக்கிறேன். பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர் ஒரு நாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒரே கேள்விதான்: இவர் பிழைப்பாரா?

பொன்னையா ஐயா புழுவுக்கு மருந்து தந்தார், இரும்பு மாத்திரை தந்தார். அவர் தந்தது சரி. ஆனால் மாத்திரையை வாங்கிக்கொள்ள உள்ளே விரல் இருக்க வேண்டாமா? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பதினாறு நாள் வாட்டில் கிடந்தார். அதிசயம் கேளுங்கள், வயிற்றோட்டம் நின்றது, முகம் தெளிந்தது. வீட்டுக்கு வந்தார். ஒரே மாதம். பழையபடி விழுந்தார்.

வலப்பனையில் எங்கள் சித்தப்பா, கொஞ்சம் வயல் வைத்திருக்கிறவர். "அண்ணனை ரெண்டு மாசம் இங்க விடுங்க, காத்து மாறட்டும்" என்றார். போனார். ஐந்து கிலோ ஏறி வந்தார். வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம். திரும்பவும் விழுந்தார்.

நான் கேட்கிறேன், வெளியே போனால் பிழைக்கிறார், வீட்டுக்கு வந்தால் விழுகிறார் என்றால், ஊர் என்ன சொல்லும்? சொன்னது. வீட்டில் ஏதோ இருக்கிறது என்றது. செய்வினை என்றது. நாங்கள் வேதக்காரர்கள், ஆனாலும் பயத்துக்கு மதம் ஏது? எங்கள் கதவில் சிலுவையும் மந்திரித்த எலுமிச்சம்பழமும் ஒரே ஆணியில் தொங்கியது. அதோடு நின்றதா? இல்லை. ஒருத்தங்க எங்கள் வாசலில் நின்று, என் அம்மா பெற்றீசியாவைப் பார்த்துச் சொன்னாங்க:

"உன் கை சரியில்ல பெற்றீசியா. அடுத்தவங்க ஆக்கிப் போட்டா எந்திரிக்கிறான், நீ ஆக்கிப் போட்டா படுக்குறான்."

சொன்னவங்க யாருன்னு நான் சொல்லமாட்டேன். இந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க. பயப்படாதீங்க அத்தை.

அவையோரே, அந்தக் கை எப்படிப்பட்ட கை தெரியுமா? விடியற்காலையில் மாவு பிசைந்து, தன் பங்கில் ஒரு ரொட்டியைக் குறைத்து, "அவரு மெலிஞ்சிட்டாரு, அவருக்குப் போடு" என்று அப்பா தட்டில் கூட்டி வைத்த கை. தான் பசியோடு மலையேறி, அவர் வயிற்றை நிறைத்த கை. அந்தக் கையைத்தான் இந்த ஊர் குற்றம் சொன்னது. அன்றிலிருந்து அம்மா அடுத்த வீட்டுக்கு ஒரு கரண்டி கறிகூடக் கொடுப்பதில்லை. யாரும் வாங்கமாட்டார்களோ என்று பயம்.

அப்போதுதான் தொட்டி மேட்டில், சாரல் மழையில், அந்த வீடியோ என் கண்ணில் பட்டது. சீலியாக் என்று ஒரு நோய். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. நம்மில் அநேகம் பேருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் சிலருக்கு, அது உள்ளே போனதும் உடம்பு தன்னைத்தானே எதிரியாக நினைத்து, தன் குடலின் விரல்களைத் தானே அழிக்கிறது. விரல் போனால் இரும்பு ஏறாது. கல்சியம் ஏறாது. தின்னத் தின்ன மெலிவான். ஊட்ட ஊட்ட உருகுவான்.

வீடியோவை நிறுத்தினேன். வாட்டிலே மூன்று வேளையும் என்ன கொடுத்தார்கள்? சோறு. சித்தப்பா வீட்டில் என்ன சாப்பிட்டார்? வயலில் விளைந்த சோறு. எங்கள் வீட்டில் என்ன?

ரொட்டி. காலையில் ரொட்டி. மலையில் ரொட்டி.

சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்து வீட்டுக்கு ஓடினேன். ஆனால் ஏற்கெனவே பேச்சு வாங்கிய அம்மாவிடம் எப்படிச் சொல்வது, டாக்டரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கிளினிக் நாள் வந்தது. அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் இதோ இந்த டாக்டர் கஜேந்திரன் முன்னால் உட்கார்ந்தோம். இவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்டில சாப்பாடு எப்படி? ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீங்க?"

கேள்வி அப்பாவிடம். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"மூணு வேளையும் சோறுதாங்க டாக்டர். மீனு, பருப்பு, கீரை. ஒன்னும் குறை வைக்கிறதில்லீங்க."

"பாண், ரொட்டி, கோதுமை மா ஏதும்?"

"அதெல்லாம் நாங்க தொடுறதே இல்லீங்க."

சொல்லும்போது அம்மாவின் மடியில் ஒரு பை. பைக்குள் லன்ச் சீட்டில் சுற்றிய ஏழு ரொட்டி, கட்டா சம்பலோடு. டாக்டர் கிளினிக் அட்டையில் "சோறு" என்று எழுதினார்.

என் அம்மா பொய்க்காரியா? சிரிக்காதீங்க, நான் உங்களையும்தான் கேட்கிறேன். எத்தனை வருஷமாக நம்மைப் பார்த்து "ரொட்டி" என்று சொல்லிச் சிரித்தார்கள்? பாடசாலையில் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை மறைப்பாக வைத்துச் சாப்பிட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? கொட்டகலை பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரிக்க வெட்கப்பட்டு, பசியோடு வீடு வந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு பெண்ணிடம் "உன் புருஷன் என்ன சாப்பிடுகிறான்" என்று கேட்டால், அது அவளிடம் "நீ என்ன ஆக்கிப் போடுகிறாய்" என்று கேட்பதுதானே? அதுவும், உன் கை சரியில்லை என்று பேச்சு வாங்கியவளிடம்?

 ரசிகை, தலைவி, செயலாளர், எல்லாம் சேர்ந்து ஊமையாக வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"ஏம்மா சோறுன்னு சொன்ன?"

"பின்ன? புருசனுக்கு ஒரு வாய் சோறாக்கிப் போடத் துப்பில்லாதவன்னு அவரு கையால எழுதி வாங்கிட்டுப் போகவா?"

அப்பா எங்கள் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. "பசிக்குது. அந்தப் பொட்டலத்தக் குடு" என்றார்.

அவர் கை நீட்டினார். அந்தக் கைக்கு முந்தி என் கை போனது. பையைப் பிடுங்கிக்கொண்டு, நர்ஸ் மிஸ்ஸி தடுக்கத் தடுக்க, உள்ளே போய் டாக்டர் மேசையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன்.

"டாக்டர், நீங்க எழுதுனது எங்கம்மாவோட வெக்கம். இதுதான் எங்கப்பாவோட சாப்பாடு."

அந்த அறையில் சம்பல் மணம் எழுந்தது. டாக்டர் ரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலையில மூணு. மலைக்கு நாலு. ராவைக்குக் கிழங்கு, இல்லாட்டி திரும்ப ரொட்டி."

"சோறு?"

"ஞாயித்துக்கிழமைங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தங்கச்சி, நான் இங்க வந்து மூன்று வருஷம். தோட்டத்தில இருந்து வாற ஒருத்தர்கூட என்னட்ட ரொட்டி என்று சொன்னதில்லை." திரும்பி, அட்டைகள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தார். "அப்ப அதுக்குள்ள இருக்கிறதெல்லாம்..." முடிக்கவில்லை.

எங்களுக்கு அடுத்ததாக ஒரு அம்மா நோயாளிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாங்க. எந்தத் தோட்டமோ தெரியாது. அவங்க மெதுவா கையைத் தூக்கி, "டாக்டர், என்னோடதயும் மாத்தி எழுதிருங்க" என்றாங்க.

டாக்டர் சிரிக்கிறார் பாருங்க. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவோட அட்டையை எடுத்துத் திருத்தினார், நான் பார்த்தேன்.

வீடியோவில் பார்த்த நோயையும் டாக்டரிடம் சொன்னேன். அப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அந்த நோய்க்கான அறிகுறி இருந்தது. உறுதி செய்ய வாய் வழியாக கமரா விட்டுப் பார்க்க வேண்டும், ஐந்து வாரத்தில் நாள் கிடைத்தது. நான் குதித்தேன். "அப்ப இன்னையிலருந்து ரொட்டியை நிப்பாட்டிருவோம் டாக்டர்."

"நிப்பாட்டக் கூடாது" என்றார். "கமரா விடுற வரைக்கும் சாப்பிட வேணும். முந்தியே நிப்பாட்டினா குடல் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்று வந்திடும்."

எனக்கு இது தெரியாது. எத்தனை வீடியோ பார்த்தேன், இது தெரியாமல் இருந்திருக்கிறேன். சோறு என்று நாம் சொன்னால் அட்டை ஏமாறும். ரொட்டியை முந்தி நிறுத்தினால் கமராவே ஏமாறும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் படித்ததற்கும் ஆஸ்பத்திரியில் படித்ததற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆனால் வீட்டில்? அம்மா மாவுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டார்.

"தெரிஞ்சே எப்படிச் சுட்டுப் போடுவேன்?"

அப்பா அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்தார். "சுடு பெற்றீசியா. இத்தன நாளு நீ தெரியாம சுட்ட, நான் தெரியாம தின்னேன். இனி ரெண்டு பேருக்கும் தெரியும், அவ்வளவுதானே. சம்பலுக்கு மட்டும் உப்பக் குறைக்காத."

ஐந்து வாரம் அவர் தின்றார். ஐந்து வாரம், அவர் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். ஐந்து வாரமும் எனக்கு ஒரே பயம். நான் சொன்னது பிழையாகிவிட்டால்?

அந்த நாள் வந்தது. கமரா போனது. டாக்டர் படத்தைக் காட்டினார். விரல் நிற்க வேண்டிய இடத்தில் விரல் இல்லை. மட்டமாக, மழுங்கலாக, வெறும் தரை. சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்த அறிக்கையும் பிறகு வந்தது. அதுவேதான். நான் என்னென்னமோ பெரிய வார்த்தையெல்லாம் வைத்திருந்தேன் அப்பாவுக்கு விளக்க. தேவைப்படவில்லை. அவர் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"கவ்வாத்து வெட்டுன மலை மாதிரி இருக்குங்க."

டாக்டருக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "அதேதான்" என்றார்.

"திரும்பத் தளிர்க்குமாங்க?"

"ரொட்டியை முழுசா விட்டால் தளிர்க்கும். மாதக்கணக்கு ஆகும். சிலபேருக்கு வருஷக்கணக்கு."

"செடிக்கும் அப்படித்தாங்க" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு டாக்டர் அம்மா பக்கம் திரும்பி ஒன்று சொன்னார். அதை நான் இந்த மைக்கில், இந்த ஒலிபெருக்கியில், பத்தாம் நம்பர் லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லப் போகிறேன். "அம்மா, உங்கட கையில ஒரு பிழையும் இல்லை."

ஒரு பிழையும் இல்லை. கேட்டுச்சா அத்தை? சந்தோஷம்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு, கிழங்கு, கோதுமை சேராத குரக்கன் மா ரொட்டி. அப்பாவுக்குத் தனிச் சட்டி. கோயிலில் நற்கருணை அப்பமும் கோதுமைதான், ஃபாதரிடம் கேட்டோம், இப்போது கிண்ணத்திலிருந்து மட்டும் வாங்குகிறார். எலுமிச்சம்பழம் காய்ந்து தானாக விழுந்துவிட்டது. எடை ஐம்பத்தெட்டு கிலோ. நம்பாதவங்களுக்குச் சொல்றேன், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நூற்றிருபது கதிரையையும் இன்று காலையில் லொறியிலிருந்து இறக்கியது யார்? திரும்பிப் பாருங்க. கதவுப் பக்கம், நீலச் சட்டை. அப்பா, ஒளியாதீங்க.

கைதட்டினது போதும், இன்னொன்று சொல்ல வேண்டும், இல்லாட்டி டாக்டர் என்னைத் திட்டுவார். இதை நான் வீடியோவாகப் போட்ட மறுவாரம், எங்கள் லயத்தில் பாதிப்பேர் ரொட்டியை நிறுத்திட்டாங்க. ஒரு அண்ணன் ரொட்டியை விட்டதும் குறட்டை நின்றுபோச்சு என்கிறார். குறட்டைக்கும் சிறுகுடலுக்கும் என்னங்க சம்பந்தம்? ரொட்டி நமக்குப் பகை இல்லை. ரத்தம் குறைவதற்கு ஒருத்தருக்குப் புழு காரணம், ஒருத்தருக்கு ரத்தப்போக்கு, ஒருத்தருக்கு இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிற பழக்கம், ஆயிரத்தில் ஒருத்தர் இரண்டு பேருக்கு என் அப்பாவோட நோய். எது என்று கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. ஒளிக்காமல் சொல்வது நம்ம வேலை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே நாலு மேசையிலும் அட்டை எழுதப் போகிறார்கள். மூன்றாவது கேள்வி என்ன தெரியுமா? என்ன சாப்பிடுகிறீர்கள்? ஆகவே, அன்புத் தாய்மார்களே, இங்கேயே ஒரு ஒத்திகை பார்ப்போம். இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீங்க?

என்ன, சத்தமே இல்ல? சோறா? யாரு அது சோறுன்னது? சின்னராசா மாமா, உங்க வீட்டு அடுப்புல ரொட்டி வாசம் எங்க வீட்டுக்கு வந்துச்சு. திரும்பவும் கேட்கிறேன். காலையில் என்ன சாப்பிட்டீங்க?

நேற்று அம்மாவிடம் கேட்டேன், இதையெல்லாம் மேடையில் சொல்லட்டுமா என்று. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "சொல்லு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்" என்றார். அதோ, கடைசி வரிசையில், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு...

அம்மா, ஏன் எந்திரிக்கிறீங்க? கோவமா? போயிடாதீங்க.

கொஞ்சம் அமைதியா இருங்க எல்லாரும். அம்மா ஏதோ சொல்றாங்க.

முன் வரிசையில் கேட்டுச்சா? கேட்கலையா? நான் சொல்றேன். "ரொட்டி. நான் இன்னும் ரொட்டிதான். காலையில ரெண்டு" என்றாங்க. மைக் இல்லாமல், முந்தானை மறைப்பு இல்லாமல், நின்றுகொண்டு சொன்னாங்க.

இப்போது நீங்கள். பத்தாம் நம்பர் லயம்? ரொட்டி. மேல்கணக்கு வீடுகள்? ரொட்டி. கீழ்கணக்கு? ரொட்டி. பொன்னையா ஐயா, நீங்களுமா? ஐயாவும் ரொட்டியாம். டாக்டர், எழுதிக்கொள்ளுங்கள், இந்த மலை முழுக்க உங்களுக்கு இன்றைக்கு உண்மை சொல்கிறது.

இடம் தந்த சங்கத்துக்கு நன்றி. மழையில் வந்த மருத்துவர்களுக்கு நன்றி. ஐந்து நிமிடத்தை இருபதாக்க விட்டுக் கொடுத்த நாகலெட்சுமி அக்காவுக்கு நன்றி. அலமாரியைத் திறந்து பழைய அட்டைகளைத் திருத்தத் தொடங்கிய ஒரு பேனாவுக்குத் தனி நன்றி.

டாக்டரைப் பார்க்கிற வரிசைக்கு முதலாம் நம்பர் துண்டை யாருக்குக் கொடுப்பது என்று அக்கா கேட்கிறாங்க. கடைசி வரிசைக்கு அனுப்புங்கக்கா. கையிலிருந்து கையாகக் கொடுங்க. அத்தை, அது உங்க கிட்டத்தான் வருது, நீங்களே கொண்டுபோய் எங்கம்மா கையில குடுங்க.

ம். குடுத்துட்டாங்க. வணக்கம்.